மிஸ்ஸியிடம் கேளுங்கள்: சிறுநீரக ஆராய்ச்சியில் நமக்கு என்ன பங்கு?

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பாதிப் பேருக்கு நான் ஊசி போட்டிருப்பேன். முப்பத்தோரு வருடம் மிஸ்ஸி (நர்ஸ்) வேலை, அதில் கடைசிப் பதினெட்டு வருடம் இரத்த சுத்திகரிப்பு மெஷின் பக்கத்தில். இப்போது ஓய்வு. போன வாரம் கோயில் மண்டபத்தில் ஒரு தம்பி, "கிட்னியைப் பற்றி உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்குதுன்னு சொல்றாங்க, நமக்கு அதுல என்ன மிஸ்ஸி?" என்று கேட்டார். ஆளுக்கு ஒரு கேள்வி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன், குவிந்துவிட்டது. நான் டாக்டர் இல்லை. என் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

அப்பாவுக்கு 61 வயது. இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) கிடையாது. ஆனால் கிட்னி டாக்டர் இனிப்பு நீர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். மாற்றி எழுதிவிட்டாரா?

இல்லைம்மா. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது எம்பாக்ளிஃப்ளோசின். இனிப்பு நீருக்கென்று வந்த மருந்துதான். சர்க்கரையையும் கொஞ்சம் உப்பையும் சிறுநீரில் தள்ளிவிடும். அதனால் சிறுநீரக வடிகட்டிக்குள் முட்டிக்கொண்டிருக்கும் அழுத்தம் இறங்குகிறது. சர்க்கரை வியாதி இல்லாதவருக்கும் இது உதவுமா என்று பார்க்கத்தான் 'எம்பா-கிட்னி' ஆய்வு நடந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஒருங்கிணைத்தது. 8 நாடுகள், 6,609 நோயாளிகள். அந்த எட்டில் மலேசியாவும் ஒன்று. சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் இனிப்பு நீர் இல்லாதவர்கள், உங்கள் அப்பா மாதிரி.

2022-இல் முடிவு வந்தது. சுமார் இரண்டு வருடத்தில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்குப் பதினேழு பேருக்குச் சிறுநீரகம் மோசமானது, அல்லது இதய நோயால் உயிர் போனது. மருந்து சாப்பிட்டவர்களில் அது பதின்மூன்று. நூற்றுக்கு நாலு பேர்தானே என்று தோன்றும். அந்த நாலு பேரை வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் மெஷினில் உட்கார வைத்துப் பார்த்தவள் நான். எனக்கு அது சின்னக் கணக்கு இல்லை.

இரண்டு விஷயம் கவனம். ஆரம்பித்த சில வாரத்தில் ரத்தச் சோதனையில் சிறுநீரகம் வேலை செய்யும் அளவு லேசாக இறங்கிக் காட்டலாம். பதறி நிறுத்தவேண்டாம், டாக்டர் அதை எதிர்பார்த்துத்தான் இருப்பார். வாந்தி பேதி வந்தாலோ, தைப்பூசத்துக்கு அப்பா விரதம் இருப்பதாக இருந்தாலோ, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டினி வயிற்றோடு இந்த மாத்திரை ஒத்துவராது.

ஆராய்ச்சியில் சேரச் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். மாமா, "நம்மை எலி மாதிரி சோதிக்கிறானுங்க"ன்னு திட்டுகிறார். சேரலாமா?

மாமாவின் பயத்தைச் சிரித்துத் தள்ளமாட்டேன். 'டெஸ்டிங்' என்று ஓர் ஆய்வு. ஐஜிஏ நெஃப்ரோபதி என்ற நோய்க்கு, அதாவது நம் உடம்பின் எதிர்ப்புப் புரதமே போய் வடிகட்டியில் படிந்து கெடுக்கும் நோய்க்கு, ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். சீனா, ஆஸ்திரேலியா, இந்தியா, கனடா, மலேசியா சேர்ந்து செய்தது. 262 பேர் சேர்ந்திருந்தபோது கணக்கைப் பார்த்தால், ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குக் கடுமையான தொற்று அதிகம் வந்திருக்கிறது, உயிரிழப்பும் இருந்தது. 2015-இல் ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அதோடு மூட்டை கட்டவில்லை. மருந்தின் அளவைக் குறைத்து, தொற்றைத் தடுக்கும் மாத்திரையும் கூடவே கொடுத்துத் திரும்பத் தொடங்கினார்கள். மொத்தம் 503 பேர். 2022-இல் வந்த முடிவின்படி குறைந்த அளவு மருந்தும் சிறுநீரகத்தைக் காத்தது, தொற்றும் குறைந்தது. மாமா சொல்வதிலும் உண்மை இருக்கிறது, அந்த முதல் ஆட்கள் ஆபத்தைச் சுமந்தார்கள். ஆனால் நடுவில் கணக்கைத் திறந்து பார்க்க ஆள் இருந்ததால்தான் அது தெரிந்தது.

அதனால் சேருமுன் கேளுங்கள்: நடுவில் கணக்குப் பார்ப்பது யார்? எனக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது? விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா? தொடரவேண்டும், அது உங்கள் உரிமை. ஒப்புதல் படிவம் மலாயில் இருந்து புரியவில்லை என்றால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். புரியாமல் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். ஒரு அம்மா, "மிஸ்ஸி நீட்டுச்சு, நான் போட்டேன்" என்று என்னிடமே சொன்னார். நீட்டிய மிஸ்ஸி நான்தான். இன்னும் மனசு உறுத்துகிறது.

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறேன். வயது 34. வெயிலில் வேலை செய்தால் கிட்னி போகும் என்கிறார்களே?

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் நான் உட்கார்ந்தேன்.

எல் சால்வடோர், நிகராகுவா பக்கம் கரும்புத் தோட்டங்கள். அங்கே இளம் ஆண்கள், இனிப்பு நீரும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை, சிறுநீரகம் மட்டும் சுருங்கிப்போய் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 2002-இல் எல் சால்வடோர் மருத்துவர்கள் இதை எழுதி வெளியிட்டார்கள். இலங்கையின் வடமத்திய மாகாணத்து நெல் விவசாயிகளிடமும், ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இதே கதை. மூன்றும் வெக்கையான நிலம், மூன்றிலும் உடல் உழைப்பாளிகள். காரணம் என்ன என்பதில் இன்னும் சண்டை: வெப்பமும் நீரிழப்புமா, பூச்சி மருந்தா, கிணற்றுத் தண்ணீரா? ஒவ்வொரு நாடும் தன் இஷ்டத்துக்கு அளந்தால் ஒப்பிடவே முடியாது. அதனால் எல்லா ஊரிலும் ஒரே முறையில் ரத்தம் எடுத்து, ஒரே மாதிரிக் கேள்வி கேட்கும் 'டிகிரி' என்ற திட்டத்தை வகுத்தார்கள்.

மத்திய அமெரிக்கக் கரும்புக் காட்டில் தண்ணீர், நிழல், இடைவேளை மூன்றையும் கட்டாயமாக்கிப் பார்த்தார்கள். கேட்க எளிது. ஆனால் அங்கேயும் வெட்டுக்கூலி எடைக்கு, இங்கே குலைக்கோ டன்னுக்கோ. நிழலில் உட்கார்ந்தால் காசு போகும். இதை மண்டோரும் (கங்காணி) மேனேஜரும் சேர்ந்து பேசினால்தான் தீரும், உங்களை மட்டும் 'தண்ணி குடி' என்று சொல்லி என்ன பயன்?

உங்களிடம் எனக்கு வேறு ஒரு கவலை. வெயிலில் வற்றிப்போய், முதுகு வலிக்கு மெஃபனமிக் ஆசிட்டோ டைக்லோஃபெனாக்கோ போட்டுக்கொண்டு மறுபடி வேலைக்குப் போகிறீர்கள் இல்லையா? உடம்பில் நீர் குறைந்த நேரத்தில் இந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை இன்னும் குறைத்துவிடும். அதை முதலில் விடுங்கள். வருடம் ஒருமுறை ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியே தள்ளவேண்டிய கழிவு) பாருங்கள். 2025 மே மாதம் உலக சுகாதார மன்றம் சிறுநீரக நலத்துக்கென்று ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அதை முன்னின்று கொண்டுவந்தது குவாத்தமாலா, அதுவும் கரும்பு விளையும் நாடுதான்.

பாட்டி மருந்து, நாட்டு மூலிகை எதுவும் கெடுதல் செய்யாது இல்லையா?

செய்யும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடம்பு இளைக்கப் போன நூறுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. சீன மூலிகை மாத்திரையில் ஒரு வேருக்குப் பதில் வேறொரு வேர் கலந்துவிட்டது. அதில் அரிஸ்டோலோகிக் அமிலம். பால்கன் நாடுகளில் டான்யூப் ஆற்றின் துணையாறுகளின் கரை ஊர்களில் பல தலைமுறையாய் இருந்த சிறுநீரக நோய்க்கும் அதே அமிலம்தான் காரணம் என்று பிறகு பிடித்தார்கள். கோதுமை வயலில் முளைத்த களைச்செடியின் விதை மாவோடு அரைபட்டிருக்கிறது.

அந்தச் செடிக்கு நம்மிடம் சொந்தக்காரர்கள் உண்டு: ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி. ஆடே தீண்டாது என்று பேரிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள், நாம்தான் கஷாயம் போடுகிறோம்.

என் வீட்டுக்காரர் டயாலிசிஸ் செய்கிறார். வீட்டுக்குப் பின்னால் பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) மரம் நிறையக் காய்த்திருக்கு. ஒன்று இரண்டு கொடுக்கலாமா?

ஒரு துண்டுகூட வேண்டாம் அக்கா. நல்ல சிறுநீரகம் அந்தப் பழத்தின் நஞ்சை வெளியே தள்ளிவிடும், அவருடையது தள்ளாது. நஞ்சு மூளைக்குப் போகும். என்னிடம் வந்த ஒருவருக்கு நிற்காத விக்கல், சர்க்கரையைக் கொடுத்துப் பார்த்தார்களாம். பிறகு பேச்சுக் குழற ஆரம்பித்தது. பழம் சாப்பிட்டீர்களா என்று கேட்டதும் அவர் மனைவி அழுதுவிட்டார். அந்த நஞ்சைப் பிரித்தெடுத்து 'கராம்பாக்சின்' என்று பேர் வைத்தது 2013-இல் பிரேசிலின் சாவ் பாவுலோ பல்கலைக்கழகக் குழு. அவருக்கு விக்கல் விடாமல் வந்தால் டயாலிசிஸ் நாள் வரை காத்திருக்கவேண்டாம், உடனே கூட்டிப்போங்கள்.

நான் ஆறாம் படிவம். உண்மையிலேயே நம் நாட்டில் கிட்னி நோய் கூடியிருக்கிறதா, இல்லை சோதனை கூடியிருக்கிறதா?

நல்ல சந்தேகம். 2011-இல் எடுத்த ஆய்வில் பெரியவர்களில் 9.07 விழுக்காடு, 2018-இல் 15.48 விழுக்காடு. இரண்டும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை எண்ணியவை இல்லை, பொதுமக்களிடம் போய் எடுத்தவை. அதனால் சோதனை கூடியதை மட்டும் காரணம் சொல்ல முடியாது. புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் இனிப்பு நீரால் வருகிறவர்களின் பங்கைப் பார்த்தால், உலகப் பட்டியலில் சிங்கப்பூரும் நாமும் முன்வரிசை. அங்கே முன்வரிசை வேண்டாம் என்று தே தாரிக் கடையில் சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை.

இந்தியாவுக்குப் போனால் பணம் கொடுத்து கிட்னி வாங்கலாம் என்று ஓர் ஏஜெண்ட் சொல்கிறார்.

வேண்டாம். உறுப்பு விற்பதும் வாங்குவதும் இந்தியாவில் 1994 முதல் சட்டப்படி குற்றம். 2008 இஸ்தான்புல் பிரகடனமும் இதை எதிர்த்துத்தான். குடும்பத்தில் யாராவது கொடுக்க முடியுமா என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். அந்த ஏஜெண்டின் எண்ணை அழித்துவிடுங்கள்.

சிறுநீர்ச் சோதனைக்கு வீட்டிலிருந்து கொண்டுவரலாமா மிஸ்ஸி?

காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர். கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் பிடியுங்கள். கிளினிக்கில் கொடுக்கும் டப்பாவில் மட்டும். ஊறுகாய் போத்தலில் கொண்டுவந்த பெரியவர் ஒருவர், போத்தலைத் திருப்பித் தருவீர்களா என்று வேறு கேட்டார்.