குழந்தைகளைக் கண்டு நடுங்கும் நாய்: பிள்ளைகள் கையால் பிஸ்கட் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு நாய் செவலைக்கு இரண்டு வயது. தெருவில் அலைந்துகொண்டிருந்ததை ஏழெட்டு மாதக் குட்டியாக எடுத்து வந்தோம். கருத்தடையும் செய்தாகிவிட்டது. எங்களிடம் உயிராக இருக்கிறது. ஆனால் சிறு பிள்ளைகளைக் கண்டால் வாலை ஒடுக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் கட்டிலுக்குக் கீழே கையை நீட்டியபோது உறுமியது. என் கணவர் அதட்டி ஓர் அடி வைத்தார். இன்னும் மூன்று வாரத்தில், மே மாத விடுமுறைக்கு, என் அக்கா இரண்டு பிள்ளைகளோடு வந்து ஒரு மாதம் தங்கப்போகிறார். பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு நான்கு. பிள்ளைகள் கையாலேயே பிஸ்கட் போட்டால் பழகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா? அல்லது அந்த மாதம் மட்டும் நாயை எங்காவது விட்டுவைப்பது நல்லதா?
– மதுரை வாசகி

பதில்: கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் பிஸ்கட். பிள்ளைகள் கையால் கொடுக்க வேண்டாம். இந்த யோசனையைச் சொல்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். பிள்ளைக்குக் கடிபட்டுவிட்டது என்று என்னிடம் வருகிற குடும்பங்களிலும் பலர் அதே நல்ல எண்ணத்தோடு இதைச் செய்தவர்கள்தாம்.

பயந்த நாய் ஒன்று புதியவர் கையிலிருந்து தீனி வாங்குவதைக் கூர்ந்து பாருங்கள். பின்னங்கால்கள் ஊன்றிய இடத்தை விட்டு அசையாது. முன்னுடம்பும் கழுத்தும் மட்டும் நீண்டுகொண்டே போகும். காதுகள் மண்டையோடு ஒட்டியிருக்கும். வெடுக்கென்று பறித்துக்கொண்டு பின்வாங்கும். வயிறு முன்னே இழுக்க, பயம் பின்னே இழுக்கிறது. வாயில் பிஸ்கட் இருக்கும்வரை வயிறு ஜெயிக்கும். விழுங்கிவிட்டுத் தலையை நிமிர்த்தினால், எதற்கு அஞ்சியதோ அந்த உருவம் ஒரு சாண் தூரத்தில், முகத்துக்கு நேரே நிற்கிறது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளை தலையைத் தடவக் கையைத் தூக்கும். கடி விழுவது அங்கேதான். சிறு பிள்ளைகளுக்கு முகத்திலும் கழுத்திலும் அதிகம் கடிபடுவதற்குக் காரணம், நாயின் வாயும் பிள்ளையின் முகமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பதுதான்.

தீனி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தீனி உங்கள் கையிலிருந்து வரட்டும், பிள்ளை தூரத்தில் இருக்கட்டும். இந்த முறையைக் காட்டிய புகழ்பெற்ற ஆய்வு ஒன்று நடந்தது நாயிடம் அல்ல, ஒரு குழந்தையிடம்தான். மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1924இல் வெளியிட்ட ஆய்வு அது. பீட்டர் என்று குறிப்பிடப்படும் சுமார் மூன்று வயதுச் சிறுவனுக்கு முயல் என்றால் பயம். அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவன் சாப்பாட்டைக் கெடுக்காத தூரத்தில் முயலைக் கூண்டோடு வைத்தார்கள். பிறகு சிறுகச் சிறுக அருகே கொண்டுவந்தார்கள். முடிவில் அவனே முயலைத் தடவிக் கொடுத்தான். இதில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு: சிறுவனை யாரும் முயலிடம் இழுத்துக்கொண்டு போகவில்லை, அவன் தாங்கும் அளவுக்கே முயல் நெருங்கியது. உங்கள் வீட்டில் பீட்டரின் இடத்தில் செவலை இருக்கிறது.

நாய்க்குட்டி உலகத்தைப் பயமின்றி ஏற்றுக்கொள்ளும் பருவம் மூன்றாவது வாரத்தில் தொடங்கி, பன்னிரண்டு பதினான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். அந்த நாட்களில் நல்ல பிள்ளைகளின் கை படாமல் வளர்ந்த குட்டிக்கு, பிள்ளை என்பது மனிதக் கணக்கிலேயே சேராத வேறொரு பிராணி. கீச்சென்று கத்தும், திடீரென்று ஓடும், திடீரென்று நிற்கும், கண்ணுக்குக் கண் முறைத்துப் பார்க்கும், வாலைப் பிடிக்கும். செவலை தெருவில் கல்லடியும் பட்டிருக்கலாம், படாமலும் இருந்திருக்கலாம். யாரோ அடித்திருக்கிறார்கள் என்று எல்லா நாய்க்கும் ஒரு முன்கதை கட்டிவிடுகிறோம். பழகாதது ஒன்றே போதும், பயத்துக்கு.

உறுமலுக்கு வருகிறேன். உங்கள் கணவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, பதறிப்போய்ச் செய்திருப்பார். ஆனால் இனி அடி வேண்டாம், அதட்டலும் வேண்டாம். செவலை அன்று கடித்திருக்கலாம். கடிக்காமல் ‘கையை எடு’ என்று சொல்லிப் பார்த்தது. அதற்கு அடித்தால் பயம் போகாது, உறுமல் மட்டும் போகும். அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் பல் பதியும். பிள்ளை அருகே வந்தால் அடி விழும் என்ற இன்னொரு பாடத்தையும் அது சேர்த்துக் கற்றிருக்கும். உறுமினால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பிள்ளையை அமைதியாக அப்பால் அழைத்துப் போங்கள். இப்படிச் செய்தால் நாய்க்கு இடம் கொடுத்ததாகிவிடாதா என்று கேட்பார்கள். ஆகட்டும், அதற்குத் தேவைப்படுவதே அந்த இடம்தான்.

உறுமலுக்கு முன்பே உடம்பு பேசத் தொடங்கிவிடும். தீனி எதுவும் இல்லாதபோது மூக்கை நக்கிக்கொள்வது, தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணில் வெள்ளை விழி தெரியப் பார்ப்பது, ஒரு முன்னங்காலை லேசாகத் தூக்கி நிற்பது. வாலைத் தாழ்த்தி ஆட்டுவதும் மகிழ்ச்சிக்கு அடையாளம் அல்ல. எல்லாவற்றையும்விட, உடம்பு விறைத்து அசைவற்றுப் போகிற அந்தக் கணத்தைக் கவனியுங்கள். ‘பாருங்கள், எவ்வளவு பொறுமையாக நிற்கிறது’ என்று பலர் ஏமாறுவது அப்போதுதான்.

கையில் மூன்று வாரம் இருக்கிறது. பயத்தைத் தீர்க்க அது போதாது, தொடங்கப் போதும். எலும்பில்லாத கோழியை உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்துக் கொண்டைக்கடலை அளவு துண்டுகளாக்கிக்கொள்ளுங்கள். சைவ வீடு என்றால் பனீர். இந்தத் தீனி வேறெந்த நேரத்திலும் கிடைக்கக் கூடாது. மாலையில் பள்ளி வேன் வந்து நிற்கிற இடத்துக்கு நன்றாகத் தள்ளி, செவலையை வாரில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். பிள்ளை கண்ணில் பட்ட பிறகு தீனி. பிள்ளை மறைந்ததும் தீனி நிற்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் தீனியைக் காட்டிவிட்டுப் பிறகு பிள்ளை வந்தால், கோழித்துண்டைக் கண்டாலே ‘ஏதோ வரப்போகிறது’ என்று நாய் மிரளத் தொடங்கும். ஐந்து நிமிடம் போதும், வீட்டுக்குத் திரும்புங்கள்.

தூரம் சரிதானா என்று எப்படித் தெரியும்? வாய் சொல்லும். மெதுவாக எடுத்து மென்று தின்றால் சரி. விரலோடு சேர்த்துப் பறித்தால் நெருங்கிவிட்டீர்கள். கோழியையே வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால் பாடம் அங்கேயே முடிந்தது, பத்தடி பின்னால் போங்கள். சில நாட்களில், பிள்ளையைப் பார்த்ததும் செவலை திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும், ‘எங்கே என் துண்டு?’ என்று. அது வந்தபிறகுதான் இரண்டடி முன்னே வைக்க வேண்டும். வீட்டில் அது சாப்பிடும்போது, பிள்ளைகள் விளையாடும் சத்தத்தைக் கைபேசியில் மிகக் குறைந்த ஒலியில் ஓடவிடலாம். காதை நிமிர்த்திவிட்டு மறுபடி சாப்பிடப் போகிறதா என்று பாருங்கள்.

இந்த மூன்று வாரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். காதில் சீழ், பல்வலி, மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல் எதுவாக இருந்தாலும் நாயின் பொறுமை பாதியாகிவிடும். தொட்டால் வலிக்கிற நாய்க்கு எந்தப் பயிற்சியும் ஏறாது. பயம் மிகுதியாக இருந்தால் மருந்தும் உண்டு. ஃபுளுவாக்ஸெடின் போன்றவை வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். விருந்தினர் வருகிற நாட்களுக்கு மட்டும் கொடுக்கும் விரைவான மருந்துகளும் இருக்கின்றன. இரண்டையும் மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும், வீட்டில் இருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். கையோடு வெறிநோய்த் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். ஓராண்டு கடந்திருந்தால் அன்றே போட்டுவிடலாம். தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும், பிள்ளைக்குப் பல் பட்டுவிட்டால் குழாய் நீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்காதீர்கள்.

இனி வீடு. கட்டிலுக்கு அடி பாதுகாப்பான இடம் அல்ல என்பதைப் பக்கத்து வீட்டுப் பையன் காட்டிவிட்டான். ஒருபக்கம் மட்டுமே திறந்திருப்பதால் பிள்ளை தவழ்ந்து வந்தால் நாய்க்குத் தப்ப வழி இல்லை. தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் அறையைச் செவலைக்கு இப்போதே ஒதுக்குங்கள். அதன் துணி, தண்ணீர்ச் சட்டி, கடிக்க ஏதாவது ஒன்று, எல்லாம் அங்கே. சாப்பாடும் இன்றிலிருந்தே அங்கேதான். தாழ்ப்பாள் நான்கு வயதுப் பையனுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அக்கா வந்து இறங்கும்போது செவலை அந்த அறைக்குள் இருக்க வேண்டும். வாசலில், பெட்டிகளுக்கும் கட்டித்தழுவல்களுக்கும் நடுவே அறிமுகம் வேண்டாம். முதல் நாள் முழுக்கச் சத்தத்தையும் வாசனையையும் மட்டும் பழகட்டும்.

இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாக நினைக்காதீர்கள். நான்கு வயதுப் பையனுக்கு எத்தனை முறை சொன்னாலும் மறந்துவிடுவான், அது அவன் வயது. பல்லைக் காட்டும் நாயைப் பார்த்துச் சிரிக்கிறது என்று நினைக்கிற வயது அது. ஆகவே இந்த வருகையில் அவனுக்கும் செவலைக்கும் தொடுதல் கிடையாது. அவன் ஹாலில் இருந்தால் செவலை அறையில், அல்லது உங்கள் கையில் வாரோடு தூரத்தில். ‘நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்’ என்பார்கள். அடுப்படியில் இருந்து எட்டிப் பார்ப்பதும், கைபேசியை வைத்துக்கொண்டு சோபாவில் இருப்பதும் பார்த்துக்கொள்வது ஆகாது. குளிக்கப் போனால், பால்காரர் வந்தால், தாழ்ப்பாள்.

எட்டு வயதுப் பெண் வேறு. அவளுக்கு விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்கலாம், பொறுப்பும் கொடுக்கலாம். முதல் சந்திப்பு வெளியே நடக்கட்டும். அவள் அம்மாவோடு தெருவில் முன்னே நடந்து போகட்டும், நீங்கள் செவலையோடு தூரத்தில் பின்னே போங்கள். யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. வீட்டுக்குள், அவள் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து புத்தகம் பார்க்கட்டும். நீங்கள் கோழித்துண்டை அவள் பக்கமாக அல்ல, செவலைக்குப் பின்னால் எறியுங்கள். இதில் நாய்க்கு இரட்டை லாபம். தின்னவும் கிடைக்கிறது, விலகிப் போகவும் முடிகிறது. தின்றுவிட்டு அது தானாகத் திரும்பி ஓரடி நெருங்கினால், அந்த ஓரடி அதனுடைய சொந்த முடிவு, பிஸ்கட் இழுத்து வந்ததல்ல. இது பலநாள் தடுமாற்றமில்லாமல் நடந்த பிறகு, அந்தப் பெண்ணே துண்டை எறியலாம். அப்போதும் செவலையின் தலைக்கு மேலாக, அதன் முதுகுக்குப் பின்னால் விழும்படி.

அவளுக்கான கட்டுப்பாடுகள் கொஞ்சம்தான்: செவலையின் அறைக்குப் போகக் கூடாது, தின்னும்போதும் தூங்கும்போதும் கூப்பிடக் கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது, அது அருகே வந்தால் ஓடாமல் கையை மடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். பிள்ளைகள் கையில் இருக்கும் சாக்லேட்டும் திராட்சையும் நாய்க்கு நஞ்சு என்பதையும் சொல்லிவையுங்கள். செவலையே வந்து அவள் மேல் சாய்ந்து நின்றால், மோவாய்க்குக் கீழே மூன்று எண்ணும்வரை தடவிவிட்டுக் கையை எடுக்கட்டும். மறுபடி கேட்டு நெருங்கினால் இன்னும் மூன்று. நகர்ந்துபோனால் அன்றைக்கு அவ்வளவுதான். இந்த மாதத்தில் அது நடக்காமலே போகலாம், அதில் குறை ஒன்றும் இல்லை. பிள்ளையும் நாயும் கொஞ்சி விளையாட வேண்டும் என்பது நம் ஆசை. ஒரே ஹாலில் பிள்ளை படித்துக்கொண்டிருக்க, செவலை மூலையில் கண்ணை மூடிப் படுத்திருந்தால், என் கணக்கில் அது பெரிய வெற்றி.

வெளியே விட்டுவைப்பது பற்றிக் கேட்டீர்கள். காசு வாங்கிக்கொண்டு நாய் வைத்திருக்கும் விடுதி, பயந்த நாய்க்குப் பெரும்பாலும் உகந்ததல்ல. இரவு பகலாகக் குரைப்புச் சத்தம், தெரியாத ஆட்கள். திரும்பி வரும்போது பயம் கூடியிருக்கும். ஆனால் செவலைக்கு ஏற்கெனவே பழக்கமான, சிறு பிள்ளைகள் இல்லாத உறவினர் வீடோ தோழி வீடோ இருந்தால் தயங்க வேண்டாம். முழு மாதமும் வேண்டியதில்லை, வீடு நிறைய ஆள் இருக்கும் நாட்களுக்கு மட்டும் அனுப்பலாம். அறைக் கதவை எல்லோரும் நினைவாகச் சாத்துவார்கள் என்ற நம்பிக்கை உங்களுக்கு இல்லையென்றாலும், இதற்கு முன் எப்போதாவது யாரையாவது காயம் படும்படி கடித்திருந்தாலும், நான் அனுப்பத்தான் சொல்வேன். அனுப்புவதாக இருந்தால் அக்கா ஊரிலிருந்து கிளம்பும் அன்று கொண்டுபோய் விடாதீர்கள். இப்போதே ஓரிரு முறை அந்த வீட்டில் ஒருநாள் இரவு தங்கவைத்துப் பாருங்கள், அது படுக்கும் துணியைத் துவைக்காமல் கூடவே கொடுத்தனுப்புங்கள்.