நீங்கள் ரொம்ப எதிர்பார்த்து ஏமாந்துபோன மெட்டல் ஆல்பம் எது?

யோசிக்கவே வேண்டாம். ஸ்வீடனின் மெட்டல் குழு இன் ஃப்ளேம்ஸின் ‘சைரன் சார்ம்ஸ்’, 2014.

பாட்டெல்லாம் மென்மையாகிவிட்டது, காசுக்காக மாறிவிட்டார்கள் என்று பலர் அப்போதே திட்டித் தீர்த்துவிட்டார்கள். என் வருத்தம் அது இல்லை. 2002-இல் ‘ரீரூட் டு ரிமெய்ன்’ வந்தபோதே அவர்கள் பாதை மாறியாயிற்று, அதையும் நான் விரும்பித்தான் கேட்டேன்.

இவர்கள் வாசிப்பதை மெலோடிக் டெத் மெட்டல் என்கிறோமே, அதில் மெலடி யார் கையில் இருக்கிறது? பாடகர் உறுமிக்கொண்டிருப்பார், மெட்டு முழுக்க இரண்டு கிட்டார்களிடம் இருக்கும். ஸ்வீடனின் கோதன்பர்க் நகரத்துப் பையன்கள் தொண்ணூறுகளில் செய்து காட்டியதே இதுதான், டெத் மெட்டலின் முரட்டுக் குரலுக்கு மேலே பிரிட்டிஷ் மெட்டல் குழு அயர்ன் மெய்டன் மாதிரி ஜோடி கிட்டாரை ஓடவிட்டார்கள். 1996-இல் வந்த ‘தி ஜெஸ்டர் ரேஸ்’ கேட்டால் வரிகள் ஒன்றும் புரியாது, ஆனால் குளிக்கும்போது வாய் தானாக அந்தக் கிட்டார் மெட்டை முணுமுணுக்கும். 2000-இன் ‘க்ளேமேன்’ வரைக்கும், ஏன், அதற்குப் பிறகும் கொஞ்ச காலம், கிட்டார்தான் பாடியது.

‘சைரன் சார்ம்ஸ்’ ஆல்பத்தில் குழுவின் பாடகர் ஆண்டர்ஸ் ஃப்ரீடன் பல இடங்களில் உறுமாமல் பாடுகிறார். பாடட்டும். ஆனால் மெட்டு அவரிடம் போனதும் கிட்டாருக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது, பின்னால் நின்று தாளம் தட்டுகிற மாதிரி ஒரே ரிஃப்பை, அதாவது ஒரே சின்னக் கிட்டார் துணுக்கை, திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறது. அவருடைய தெளிந்த குரலோ ஒரு முழுப் பாட்டைத் தோளில் தூக்கும் குரல் இல்லை. ‘த்ரூ ஒப்லிவியன்’ கேட்டுப் பாருங்கள், எங்கேயோ கிளம்பப்போகிறது என்று காத்திருப்போம், கிளம்பாமலே முடிந்துவிடும். ‘வென் தி வேர்ல்ட் எக்ஸ்ப்ளோட்ஸ்’ பாட்டில் எமிலியா ஃபெல்ட் என்ற பாடகி கோரஸுக்கு வந்ததும் ஆல்பமே ஒரு நிமிடம் விழித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் பதிவு செய்தது பெர்லினின் ஹான்ஸா ஸ்டூடியோவில், டேவிட் போவி 1977-இல் ‘ஹீரோஸ்’ ஆல்பத்தைப் பதிவு செய்த அதே இடம். சரி, கட்டடம் மெட்டுப் போட்டுத் தராதே!

குழுவைத் தொடங்கிய கிட்டார்க்காரர் யெஸ்பர் ஸ்ட்ரோம்ப்ளாட் 2010-லேயே விலகிவிட்டார், அதுதான் காரணம் என்பார்கள். பாதி உண்மை என்று நினைக்கிறேன். 2022-இல் அவரும் இன் ஃப்ளேம்ஸின் பழைய ஆட்களும் இன்னொரு கோதன்பர்க் குழுவான டார்க் ட்ராங்க்விலிட்டியின் பாடகர் மிக்கேல் ஸ்டானேயும் சேர்ந்து ‘தி ஹேலோ எஃபெக்ட்’ என்ற பெயரில் முதல் ஆல்பம் போட்டபோது அந்தப் பழைய ஜோடி கிட்டார் அப்படியே திரும்பி வந்தது. ஆனால் மறு வருஷமே அவர் இல்லாத இன் ஃப்ளேம்ஸும் ‘ஃபோர்கான்’ ஆல்பத்தில் கிட்டாரை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்களே! அப்படியென்றால் 2014-இலும் முடிந்திருக்கும், வேண்டாம் என்றுதான் விட்டிருக்கிறார்கள். எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

‘சைரன் சார்ம்ஸ்’ ஆல்பத்தில் இப்போதும் நான் கேட்பது ‘எவ்ரிதிங்ஸ் கான்’ ஒன்றைத்தான், அதையும் பாதியிலேயே மாற்றிவிடுவேன்.