கூம்பு அத்திவாரத்துக்கு ரஷ்யத்தில் என்ன சொல்?

கேள்வி (வாசகி, கோண்டாவில்): காற்றாலைக் கோபுரமொன்றின் அத்திவாரக் குறிப்புகளை ஆங்கிலத்திலிருந்து ரஷ்யத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். 'கோனிக்கல் பவுண்டேஷன்' என்பதற்கு 'கோனிச்செஸ்கி ஃபுந்தாமென்த்' போதுமா? 'பேஸ்' வரும் இடமெல்லாம் 'ஒஸ்னவானியே' போடலாமா?

பதில்: அகராதிக்கு முன் வெட்டுமுகப் படத்தை எடுங்கள். 'கோனிக்கல்' என்று எழுதியிருந்தாலும் படத்தில் இருப்பது பெரும்பாலும் நுனி வெட்டிய கூம்பு. ரஷ்யத்தில் அது 'உசெச்யோன்னி கோனுஸ்'. அந்த முதற்சொல்லை விட்டால் கணக்கே பிழைக்கும். அடி விட்டம் 2 மீற்றர், மேல் விட்டம் 0.8 மீற்றர், உயரம் 0.6 மீற்றர் என்றால் கொங்கிறீற் ஏறக்குறைய 0.98 கனமீற்றர். முழுக் கூம்பென்று எடுத்தால் 0.63தான் வரும். மேலிருந்து பார்க்கும் படம் சதுரமாக இருந்தால் அது கூம்பே அல்ல. 'பிரமிதால்னி' என்று எழுதுங்கள். அடியில் ஒடுங்கும் பைல்களுக்கும் (நிலத்துள் இறக்கும் தூண்கள்) இதே பிரிவுதான்: வட்டமானால் 'கோனிச்செஸ்கயா ஸ்வாயா', சதுரமானால் 'பிரமிதால்னயா ஸ்வாயா'.

'பேஸ்' இன்னும் ஆபத்தான சொல். எங்கள் பக்கத்தில் மேசன்மார் சுண்ணக்கல் தட்டுப்படும்வரை கிடங்கு வெட்டுவார்கள் அல்லவா? அந்தக் கல்தான் ரஷ்யப் பொறியியலாளருக்கு 'ஒஸ்னவானியே': பாரத்தைத் தாங்கும் நிலம். அதன்மேல் ஊற்றுவது 'ஃபுந்தாமென்த்'. நிலத்தைத் தொடும் அடிமுகம் 'பதோஷ்வா', அகன்ற தட்டு 'பிலீத்னயா சாஸ்த்', தூணைத் தாங்கும் மேற்குத்தி 'பத்கலோன்னிக்'. தட்டுக்குக் கம்பி கட்டுவதை 'ஒஸ்னவானியே'யின் கம்பி வேலை என்று எழுதினால், வாசிப்பவர் மண்ணைப் பலப்படுத்தும் வேலையென்றே எடுப்பார். அப்படியொரு வேலை உண்மையில் இருப்பதால் பிழை அவர் கண்ணுக்கும் படாது. 'பிளைண்டிங்' என்ற மெல்லிய அடிக்கொங்கிறீற்றுக்கு 'பெத்தோன்னயா பத்கதோவ்கா' என்பதே சொல்.

கேள்வி (அதே வாசகி): 'சிலம்ப்', 'செற்றில்மென்ற்' இரண்டுக்கும் 'ஒசாத்கா' என்றே வருகிறதே?

பதில்: இரண்டும் சரி. ஆனால் தனியே விடாதீர்கள். கொங்கிறீற் இளக்கத்துக்கு 'ஒசாத்கா கோனுஸா', அத்திவாரம் இறங்குவதற்கு 'ஒசாத்கா ஃபுந்தாமென்தா'. கூம்பு அத்திவாரக் குறிப்பில் 'கோனுஸ்' என்பது சோதனைக் கூம்பா, அத்திவாரக் கூம்பா என்ற குழப்பமும் சேரும். சோதனைக் கூம்பு என்பது ஈரக் கலவையை நிரப்பித் தூக்கி, அது எவ்வளவு இறங்குகிறதென்று அளக்கும் அச்சு: 300 மில்லிமீற்றர் உயரம், அடியில் 200, மேலே 100. இந்த அளவுகள் பக்கத்தில் இருந்தால் பேச்சு கலவையைப் பற்றியது. ரஷ்யக் கலவை இளக்க வகுப்பில் 'பெ 2' என்றால் இறக்கம் 5–9 சென்ரிமீற்றர், 'பெ 4' என்றால் 16–20. 2 இருக்கவேண்டிய இடத்தில் 4 என்று எழுதினால், மேற்பலகை அடிக்காத சரிவில் இளகிய கலவை வழிந்து, விளிம்பில் தடித்து, தூணடியில் மெலிந்துவிடும்.

கேள்வி (வாசகர், சுன்னாகம்): எண்களை அப்படியே பிரதிபண்ணலாமா?

பதில்: கூடாது. ஆங்கிலத்தில் '1,200' ஆயிரத்து இருநூறு. ரஷ்யத்தில் கமா தசமப்புள்ளி. அது ஒன்று தசம் இரண்டாகிவிடும். கமாவை எடுத்துவிட்டு '1200' என்று எழுதுங்கள். படத்தில் நீளங்கள் மில்லிமீற்றரிலும் மட்டங்கள் மீற்றரிலும் வரும்; மட்டத்தின் கூட்டல், கழித்தல் குறி விடுபடாமல் கடைசியில் ஒருமுறை விரல் வைத்துச் சரிபாருங்கள்.