ஆட்டுத் தீவனத்தைத் தின்ற குதிரை: காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். உங்கள் குதிரை கறவை ஆட்டின் குச்சித் தீவனத்தைத் தின்றுவிட்டது, அரை மூட்டை காலி என்கிறீர்கள். குதிரை இப்போது நன்றாக நின்றாலும் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

நான் பயப்படுவது மொனென்சின் என்ற மருந்துக்குத்தான். ஆடுகளுக்கு ரத்தக் கழிச்சல் வராமலிருக்கச் சில தீவனங்களில் இதைக் கலப்பார்கள். ஆடு தாங்கிக்கொள்ளும். குதிரைக்கு இது இதயத் தசையையே சிதைக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 2, 3 மில்லிகிராமே உயிரைப் பறிக்கலாம். இதை முறிக்கும் மருந்தும் கிடையாது. அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

மூட்டை வாயில் தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். மொனென்சின் என்றோ, அதே வகை மருந்தான லசலாசிட் என்றோ இருந்தால் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள். மூட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், மீதித் தீவனத்தைச் சோதிக்க வேண்டி வரலாம்.

அவர் வரும்வரை தாடை எலும்பின் உள்பக்கம் விரல் வைத்து நாடி எண்ணுங்கள். சும்மா நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். அதைத் தாண்டினாலோ, வியர்த்தாலோ, பின்கால் தள்ளாடினாலோ திரும்ப அழைத்துச் சொல்லுங்கள். நடக்கவிடாதீர்கள், சவாரி கூடவே கூடாது.

சீட்டில் மருந்தே இல்லையென்றாலும் நிம்மதியாகிவிட வேண்டாம். அவ்வளவு தானியத் தீவனம் ஒரேயடியாக உள்ளே போனால் வயிற்றுவலியும், ஓரிரு நாளில் குளம்பு அழற்சியும் வரலாம். குளம்பைத் தொட்டுப் பாருங்கள், சூடு தெரியும். மொனென்சின் உள்ளே போயிருந்தால், பிழைத்த குதிரைக்கும் இதயப் பாதிப்பு வாரங்கள் கழித்துத் தெரியலாம். அப்புறம் சவாரிக்கு முன் இதயத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.