கணக்கில் சென்டம் வாங்கியவளுக்குக் காட்டில் என்ன வேலை?

சார், நேற்று போனில் நீங்கள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "பொண்ணு பிளஸ் டூ கணக்கில் சென்டம் வாங்கிட்டு காட்டுயிர் படிக்கப் போறேங்கிறா. படிச்ச கணக்கெல்லாம் வீணா?"

வீணாகாது. அங்கே என்ன கணக்குப் போடுகிறார்கள் என்று பாருங்கள்.

இரண்டு காட்டுத்துண்டுகள், இரண்டிலும் நூறு நூறு மான் என்று வையுங்கள். முதல் துண்டில் நல்ல புல், தண்ணீர். வருஷத்துக்கு 40 குட்டி பிழைக்கிறது, 20 மான் சாகிறது. மிஞ்சும் 20 இடம் போதாமல் பக்கத்துக் காட்டுக்குப் போகிறது. அங்கே உண்ணிச்செடி மண்டிப் புல்லை மூடிவிட்டது. 10 குட்டி, 30 சாவு. நூறு எண்பதாகிறது, வந்து சேர்ந்த இருபதோடு மறுபடி நூறு. தலையை எண்ணப் போனவர் "ரெண்டு காடும் நல்லாத்தான் இருக்கு" என்று எழுதிவிட்டு வருவார். முதல் காட்டை அழித்துவிட்டால் இரண்டாவதில் பத்தே வருஷத்தில் 11 மான்தான் மிஞ்சும். சூழலியல் ஆய்வாளர் ரொனால்ட் புல்லியம் 1988-இல் இதைச் சமன்பாடாக எழுதிக் காட்டினார். நல்ல காடு ஊற்று, கெட்ட காடு வடிகால். எந்தக் காட்டை முதலில் காப்பாற்றுவது என்பதற்கு எண்ணிக்கையை மட்டும் நம்ப முடியாது. பிறப்பும் இறப்பும் இடப்பெயர்ச்சியும் தெரிய வேண்டும்.

இதற்கு வேண்டிய அணிகள் (மேட்ரிக்ஸ்), நிகழ்தகவு, வகைக்கெழு எல்லாம் பிளஸ் டூ புத்தகத்திலேயே தொடங்கிவிட்டன. உயிரினங்களின் பிறப்பையும் பிழைப்பையும் வயதுவாரியாக அணியில் அடுக்கும் முறையை லெஸ்லி என்ற ஆய்வாளர் 1945-லேயே கொடுத்துவிட்டார்.

என் கட்சி இது: முதலில் பி.எஸ்சி. கணிதமோ புள்ளியியலோ. கூடவே புள்ளியியல் கணக்குப் போடும் 'ஆர்' (R) மென்பொருள், இலவசம்தான். பிறகு முதுகலைக்கு டேராடூனில் இந்திய வனவுயிர் நிறுவனம், பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையம். யாருக்குத் தகுதி என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். கேட் (GATE) நுழைவுத் தேர்விலும் சூழலியல்-பரிணாமவியல் தாள் உண்டு. அரசு வேலைதான் வேண்டுமென்றால் இந்திய வனப்பணித் தேர்வுக்குக் கணிதப் பட்டமும் புள்ளியியல் பட்டமும் செல்லும். மனசு மாறினால் புள்ளியியலோடு வங்கிக்கோ இன்சூரன்ஸ் கம்பெனிக்கோ திரும்பிவிடலாம்.

சம்பளத்தில் மழுப்ப மாட்டேன். ஆராய்ச்சிப் பக்கம் ஆரம்பத்தில் புராஜெக்ட் வேலைதான். ஒப்பந்தம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். ஐடி சம்பளத்தோடு ஒப்பிட்டால் உங்களுக்கு வயிறு எரியும். சமன்பாடு எழுதுகிறவளும் அட்டைக்கடி வாங்கத்தான் வேண்டும். வனத்துறை நடத்தும் பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்கள். ஒரு தடவை அனுப்பிப் பாருங்கள்.

அடுத்த முறை அவளையும் கூட்டி வாருங்கள். அதற்குள் ஒன்று கேட்டு வையுங்கள்: வருஷத்துக்கு 20 மானுக்குப் பதில் 10 மட்டும் வந்தால் அந்த வடிகால் காடு எத்தனையில் நிற்கும்? விடை 50. அது எனக்கும் தெரியும். விடையைச் சொல்லிவிட்டுப் போனாளா, "வழியில் ரோடு வந்தா?" என்று அடுத்த கேள்வியை அவளே போட்டாளா, அதைத்தான் எனக்குச் சொல்லுங்கள்.