கேள்வி நேரம்: ஸ்கிரிப்டில் பிழை வந்தால் செயலி ஏன் சாகிறது?

கேள்வி: எங்கள் சி++ செயலிக்குள் லுவா என்ற ஸ்கிரிப்ட் மொழியின் இன்டர்ப்ரெட்டரைச் சேர்த்திருக்கிறோம். ஸ்கிரிப்டில் சின்னப் பிழை வந்தாலும் செயலியே மூடிக்கொள்கிறது. பிழையில்லாத ஸ்கிரிப்டும் சில மணி நேரம் ஓடியபின், சம்பந்தமே இல்லாத இடத்தில் கிராஷ் ஆகிறது.

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். முதலாவது எளிது. லுவா_கால் மூலம் அழைத்த ஃபங்ஷனில் பிழை எழுந்து, அதைப் பிடிக்க ஏற்பாடு இல்லையென்றால், லுவா செயலியையே அபார்ட் செய்துவிடும். அதைப் பிழையைப் பிடித்துக்கொள்ளும் லுவா_பிகால் என்று மாற்றுங்கள். அது 0 திருப்பினால் வெற்றி. வேறு எண் வந்தால் ஸ்டாக்கின் (சி++-உம் லுவாவும் மதிப்புகளைப் பரிமாறும் அடுக்கு) உச்சியில் பிழைச் செய்தி இருக்கும். லாகில் எழுதிவிட்டு அதை அகற்றிவிடுங்கள்.

இரண்டாவது, அநேகமாக ஸ்டாக் கணக்கு. 2 ஆர்கியுமென்ட் உள்ள ஃபங்ஷன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கெட்குளோபல் அந்த ஃபங்ஷனை ஸ்டாக்கில் வைக்கிறது. அதன்மேல் இரண்டு எண்கள், ஆக 3. பிகால் மூன்றையும் எடுத்துக்கொண்டு விடை ஒன்றை வைக்கிறது. டூநம்பர் அந்த விடையைப் படிக்கும், ஆனால் எடுக்காது! அதை அகற்றும் லுவா_பாப் போட மறந்தால், அழைப்புக்கு ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். செக்ஸ்டாக் மூலம் கூடுதலாகக் கேட்காதவரை, லுவா உறுதி தருவது 20 காலி இடங்களுக்கு மட்டுமே. எல்லை தாண்டினால் எச்சரிக்கை வராது, அடுத்த மெமரிதான் கெடும். கிராஷ் வேறெங்கோ தெரிவது அதனால்தான்.

அழைப்புக்கு முன்னும் பின்னும் கெட்டாப் மதிப்பை (ஸ்டாக்கில் உள்ளவற்றின் எண்ணிக்கை) ஒப்பிடுங்கள்; இரண்டும் சமமாக இருக்க வேண்டும். லுவாவை, அதன் ஏபிஐ அழைப்புகளைச் சரிபார்க்கும் ஏபிஐசெக் வசதியோடு கம்பைல் செய்தால், தவறு நடந்த வரியிலேயே நிற்கும். டெவலப்மென்ட் பில்டில் இதைக் கட்டாயம் வையுங்கள். நாள்கணக்கான தேடல் மிச்சமாகும்.

கேள்வி: பயனர் எழுதும் ஸ்கிரிப்ட் முடிவில்லா லூப்பில் மாட்டினால்?

பதில்: செட்ஹூக்கில் கவுன்ட் மாஸ்க் கொடுத்து, 1,00,000 இன்ஸ்ட்ரக்ஷனுக்கு ஒருமுறை ஹூக் (லுவா இடையில் அழைக்கும் உங்கள் ஃபங்ஷன்) ஓடச் செய்யுங்கள். நேரம் கடந்திருந்தால் அங்கிருந்தே எரர் எழுப்பலாம். ஸ்கிரிப்ட் தன் பிகாலால் அதைப் பிடித்துக்கொண்டு தொடரக்கூடும். ஆகவே கெடு தாண்டியபின் ஒவ்வொரு முறையும் எழுப்புங்கள். சி-யில் எழுதிய ஃபங்ஷன் ஓடும்போது இந்த ஹூக் வராது. பெரிய ஸ்ட்ரிங்குகளால் மெமரி தீராதிருக்க, இன்டர்ப்ரெட்டரை உருவாக்கும் நியூஸ்டேட்டுக்கு, மெமரி ஒதுக்கும் அலோகேட்டர் ஒன்றை உச்சவரம்போடு கொடுங்கள். ஓபன்லிப்ஸ் வேண்டாம்; அது ஓஎஸ், ஐஓ லைப்ரரிகளையும் திறந்துவிடும். தேவையானவற்றை மட்டும் ரிக்வயர்எஃப் கொண்டு ஏற்றுங்கள். முன்பே கம்பைல் செய்த பைட்கோடையும் ஏற்காதீர்கள்: லோட் செய்யும்போது டெக்ஸ்ட் மோடை மட்டும் அனுமதியுங்கள்.