மும்பையின் தாணே கழிமுகத்தில் சேற்று மேடு கட்டிக் கொடுத்தால் பூநாரைகள் இங்கேயே முட்டையிடுமா?

மாட்டுங்காவிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். மேடு கட்டலாம், ஆனால் தாணே கழிமுகம் அதற்குத் தோதான இடமில்லை.

பூநாரை மரத்தில் கூடு வைக்காது. அலகால் சேற்றை அள்ளி, ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்தில் கூம்பு மாதிரி குவித்து, உச்சியில் சின்னக் குழி வைத்து, பெரும்பாலும் ஒரே முட்டைதான் இடும். பொரிய சுமார் நான்கு வாரம் ஆகும். அதுவரை தண்ணீர் ஏறினால் முட்டை முழுகிவிடும், வற்றினால் நாயும் நரியும் நடந்தே வந்துவிடும். இந்தக் கழிமுகக் கரையிலுள்ள சிவ்ரி ஜெட்டியில் நின்று பாருங்கள்: கடல் தினமும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. அங்கே எந்தச் சேற்று மேடு நிற்கும்? இவை குஜராத் பக்கம், கட்ச் ரண்ணில் மழைநீர் தேங்கும் உப்பு வெளியில் குஞ்சு பொரிப்பவை. மும்பைக்கு இரை தேடித்தான் வருகின்றன.

பலித்த இடங்களும் உண்டு. பிரான்ஸின் கமார்க் உப்பளத்தில் 1970-ல் தீவு அமைத்து, மனிதர்களே சேற்றுக் கூடுகள் செய்து வைத்தார்கள். 1974-ல்தான் பறவைகள் அங்கே முட்டையிட்டன. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி அருகே 2006-ல் கட்டிய தீவில் சிறு பூநாரைகள் சீக்கிரமே குஞ்சு பொரித்தன, பிறகு நீர்மட்டம் உயர்ந்து தீவே முழுகியது. இரண்டு இடத்திலும் கடல் ஏற்றவற்றம் தொல்லையில்லை.

என்னைக் கேட்டால், மேடு கட்டும் பணத்தை நவி மும்பையின் நெருள் பக்கத்து ஈரநிலங்களுக்குச் செலவிட வேண்டும். கடல் ஏற்றத்தில் சேறு மறையும்போது பூநாரைகள் பல ஒதுங்குவது அங்கேதான். அந்த ஈரநிலங்களுக்குக் கடல்நீர் வரும் வாய்க்கால்களை அடைக்காமல் காப்பதே அவசர வேலை.